யாரும் போகாத ஊருக்கு ஒரு கேட் பாஸ்

வைட்ஃபீல்டில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஐரோப்பா போவது பொழுதுபோக்கு அல்ல, குடிமக்களின் கடமை. போய்வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை கிளப் ஹவுஸில் படம் போட்டுக் காட்ட வேண்டும். மற்றவர்கள் சமோசா தின்றுகொண்டே பார்க்க வேண்டும். இந்த ஒழுங்கு நன்றாகத்தான் நடந்துவந்தது. சென்ற ஆண்டு இரண்டு குடும்பங்கள் அடுத்தடுத்த வாரங்களில் ஒரே கிராமத்தின் ஒரே கல்பாலத்தைக் காட்டிவிட்டன. இரண்டு படத்திலும் பாலத்தின் மேல் அதே பூனை. பார்வையாளர்களுக்குக் கடும் மனவேதனை ஏற்பட்டது.

இத்தகைய அசம்பாவிதம் மீண்டும் நிகழாவண்ணம் தடுக்கும்பொருட்டு ஐரோப்பியப் பயண ஒழுங்குமுறை உபகுழு அமைக்கப்பட்டது. தலைவர் சேஷகிரி. அரசு இலாகா ஒன்றில் கோப்புகளை நகரவிடாமல் காத்து ஓய்வு பெற்றவர். செயலாளர் அடியேன். உறுப்பினர் தர்ஷினி, பாரிஸ் என்றாலே முகம் சுளிப்பவர். பெருநகரமெல்லாம் பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் போகிற இடம், நாம் போகவேண்டியது கிராமங்களும் கடலோரச் சிற்றூர்களும்தான் என்பது அவர் கொள்கை. எங்கள் மதிலுக்கு வெளியே இருக்கும் கிராமத்தில் மாட்டுச்சாண நாற்றம் அடிக்கிறது என்று மாநகராட்சிக்கு மனு கொடுத்தவரும் அவர்தான். அது வேறு விஷயம்.

விதி எளிமையானது. நம் குடியிருப்பார் எவரும் இதுவரை போகாத ஊருக்கே போகலாம். உபகுழு ஊரை ஒப்புக்கொண்டால் கேட் பாஸ் கிடைக்கும். கேட் பாஸ் இல்லாத பெரிய சூட்கேஸை செக்யூரிட்டி வாசலைத் தாண்ட விடமாட்டார்.

முதல் மனு ரெமிஜியஸ், ஜோசஃபின் தம்பதியுடையது. ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டை விட்டுவிட்டு எங்கள் சி பிளாக்குக்குக் குடிவந்தவர்கள். ஜோசஃபின் அப்போதுதான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். பிரான்சில் ஒரு கிராமம், இத்தாலியில் ஒரு கிராமம், கடைசியாகப் போர்ச்சுகலில் ஒரு கடலோர ஊர் என்று திட்டம்.

"கடலோரத்துல என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார் சேஷகிரி.

"சும்மா உக்காரப் போறேன் சார்" என்றார் ஜோசஃபின்.

"சும்மா உக்காரறது எந்த ஆக்டிவிட்டியில வரும்?" என்றார் தர்ஷினி.

ஜோசஃபின் சேஷகிரி பக்கம் திரும்பினார். "வருஷா வருஷம் வேளாங்கண்ணி போவோம் சார். கூட வர்றவங்க எல்லாம் தண்ணியில இறங்கிடுவாங்க. நான் மணல்ல உக்காந்து செருப்புக்குக் காவல் இருப்பேன். கண்ணை எடுத்தா ஒரு ஜோடி போயிடும். இத்தனை வருஷத்துல கடலை நிமிந்து பாத்ததே இல்ல. ஒரே ஒரு தடவை யார் செருப்பும் இல்லாம கடலைப் பாக்கணும்."

கேட்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்க்க விதியில் இடமில்லை.

"யாரும் போகலைன்னு எப்படி உறுதிப்படுத்தறது?" என்றேன்.

"ஸ்தல ஆய்வு பண்ணணும்" என்றார் சேஷகிரி.

"வாட்ஸ்அப் குரூப்புல கேட்டா போதாதா சார்?" என்றார் ரெமிஜியஸ்.

"ஊர் பேரை குரூப்புல போட்டா எல்லாரும் கிளம்பிடுவாங்க, ரெமிஜியஸ். ஆய்வுதான் பாதுகாப்பு" என்றார் சேஷகிரி.

தர்ஷினியும் அவர் கணவர் ரகுவும் பிரான்ஸ் கிராமத்துக்கு ஆய்வுக்குப் போனார்கள். லிஃப்ட் பழுதுபார்க்க வைத்திருந்த நிதி இந்தப் பொதுக்காரியத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. இரண்டு வாரம் கழித்துக் கன்னம் சிவந்து, வீச்சமடிக்கும் ஒரு சீஸ் கட்டியோடு திரும்பினார்கள்.

"ஊர் அருமை. ஆனா அப்ரூவ் பண்ண முடியாது" என்றார் தர்ஷினி. "நம்ம ஆளுங்க ரெண்டு பேர் ஏற்கெனவே அங்க வந்திருக்காங்க. கண்ணால பாத்தோம்."

"யாரு?" என்றார் ரெமிஜியஸ்.

"நாங்கதான்."

பிரான்ஸ் தள்ளுபடி ஆனது. இத்தாலிக்குச் சேஷகிரியே மனைவியோடு போனார். திரும்பி வந்து, நம் குடியிருப்பைச் சேர்ந்த வயதான தம்பதி ஒன்று அந்தக் கிராமத்தில் பத்து நாள் தங்கியது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகிவிட்டது என்று வருத்தத்தோடு அறிவித்தார். ஆதாரமாகக் கிளப் ஹவுஸில் மூன்று மணி நேரம் படம் காட்டினார். சமோசா தீர்ந்துபோனது.

"சார், யார் பாக்கப் போனாலும் அது போன ஊர் ஆயிடுமே" என்றார் ரெமிஜியஸ்.

"அதான் இந்த விதியோட கண்டிப்பு" என்றார் சேஷகிரி. "ஆய்து, சரி விடுங்க, இன்னும் போர்ச்சுகல் இருக்கில்ல?"

ஜோசஃபின் எழுந்துவிட்டார். "அங்க மட்டும் யாரையும் அனுப்பாதீங்க சார். கெஞ்சிக் கேக்கறேன். எனக்குக் கிராமம் வேண்டாம், படம் காட்டவும் வேண்டாம். அந்தக் கடல் ஒண்ணு போதும்."

எனக்கு மனசு கேட்கவில்லை. கூட்டு ஆய்வு என்ற ஏற்பாட்டை நான்தான் முன்மொழிந்தேன். மனுதாரரும் ஆய்வாளரும் ஒரே நேரத்தில் மணலில் காலடி வைத்தால் யாரும் யாருக்கும் முந்தியவர் ஆகமாட்டார். சட்டப்படி பழுதே கிடையாது. சேஷகிரி என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

விஷயம் பொதுக்குழுவுக்குப் போனதும் சிக்கல் வந்தது. அவர்கள் காலடி வைத்துவிட்டால் அந்த ஊர் எங்களுக்கு ஆயுள் முழுக்க இல்லாமல் போகுமே என்று ஏ பிளாக் ஆட்சேபித்தது. நியாயமான ஆட்சேபம். பி பிளாக்கும் சேர்ந்துகொண்டது. ஆகவே எல்லோரும் ஒரே நேரத்தில் காலடி வைப்பது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஜோசஃபின் கை தூக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

கேட் பாஸில் கையெழுத்துப் போட்டே என் மணிக்கட்டு வீங்கியது. லிஃப்ட் ஓடாததால் சூட்கேஸ்களைப் படிக்கட்டு வழியாக உருட்டி இறக்கினோம்.

அந்த ஊரின் பெயரை எழுத விதி இடம்தரவில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் வெள்ளை வீடுகள், நடுவில் ஆளில்லாத மணல். மணல் ஓரத்தில் குடியிருப்பு முழுவதும் வரிசையாக நின்றது. சேஷகிரி விசில் ஊதினார். எல்லோரும் ஒரே நேரத்தில் காலடி வைத்தோம். அதுவரை ஒரு குறையும் இல்லை.

ஜோசஃபின் மணலில் போய் உட்கார்ந்தார். தர்ஷினி அவர் அருகில் வந்து செருப்பைக் கழற்றினார்.

"நீங்க எப்படியும் சும்மாதானே உக்காரப் போறீங்க, மேடம்? கொஞ்சம் பாத்துக்கங்க."

அடுத்து ரகு கழற்றினார். சேஷகிரி ஷூவைக் கழற்றி, சாக்ஸை மடித்து உள்ளே செருகி வைத்தார். ஏ பிளாக் கழற்றியது, பி பிளாக் கழற்றியது. ரெமிஜியஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜோசஃபின் அவர் கையை அழுத்தினார். நானும் கழற்றி வைத்தேன்.

தண்ணீர் ஐஸ்போல் இருந்தது. ஆனாலும் படம் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எடுத்த படத்தில் அடுத்தவர் தலை விழுந்ததால் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. ஒருவழியாகக் கரைக்குத் திரும்பியபோது, செருப்பு இருந்த இடத்தில் கடல் இருந்தது. ஜோசஃபினும் ரெமிஜியஸும் தள்ளிப் போய்ப் பாறைமேல் உட்கார்ந்திருந்தார்கள். சேஷகிரியின் சாக்ஸ் ஒன்று மேலைநாடுகளை நோக்கி மிதந்துகொண்டிருந்தது.

"அலை ஏறி வந்தது தெரியலையா மேடம்?" என்றார் அவர்.

"தெரிஞ்சுது சார்."

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே?"

"கடலைப் பாத்துட்டிருந்தேன்."

கல் பாவிய தெருவில் ஏறி பஸ்ஸுக்கு வெறுங்காலோடு நடந்தோம். ஐயோ அம்மா என்று ஏ பிளாக் முனகியது. பின்னால் ஜோசஃபின் தன் செருப்பைப் போட்டுக்கொண்டு நிதானமாக வந்தார். "பாதயாத்திரை மாதிரியே இருக்கு, இல்லங்க?" என்று ரெமிஜியஸிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

வெள்ளை வீடுகளின் கதவுகள் திறந்தன. ஊர்க்காரர்கள் போனும் கையுமாக வெளியே வந்தார்கள். ஒருவர் எங்களுக்கு முன்னால் ஓடிப்போய், வரிசை முழுவதும் படத்தில் விழும்படி மண்டியிட்டார். தன் ஊரில் இதுவரை எவரும் காட்டாத ஒன்று தனக்குக் கிடைத்துவிட்ட பூரிப்பு அவர் முகத்தில் தெரிந்தது. எங்கள் முகத்தில் எத்தனையோ முறை நான் பார்த்திருக்கும் அதே பூரிப்புதான்.