கல்பனாவின் கன்னத்துக்குத் தரச் சான்று

இந்திய இரும்பு இன்றும் நிமிர்ந்து நிற்கிறதென்றால் அதற்குக் கும்மிடிப்பூண்டி துளசிராமனே காரணம். தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கும் கம்பெனி ஒன்றில் இருபத்தொரு வருடமாகத் தரப் பரிசோதகர். வார்ப்பில் ஊசிமுனைக் குழி இருந்தாலும் 'ரிஜெக்ட்' என்று சிவப்பு மையால் எழுதித் திருப்பிவிடுவார்.

2006 தை மாதம் அந்தப் பார்வை தம் மகள் கல்பனாவின் முகத்தில் விழுந்தது. பரு விட்டுப்போன குழிகள் இடக் கன்னத்தில் பதினொன்று, வலக் கன்னத்தில் ஒன்பது. மீஞ்சூரிலிருந்து பெண் பார்க்க வருவதற்குப் பன்னிரண்டு நாளே இருந்தது.

திருவள்ளூரில் தோல் டாக்டரம்மா முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புதுப் பரு இன்னும் வந்துகினு இருக்குது. மொதல்ல அது அடங்கணும். அப்புறம் காதுக்குப் பின்னால சின்னதா லேசர் வெச்சுப் பாத்து, ஒரு மாசம் கருக்கலேன்னாதான் மூஞ்சிக்கு. வெயில் ஆவாது. எட்டு மாசம் ஆவும்."

"எட்டு மாசமா? எங்க கம்பெனில ரெண்டு டன் அயிட்டமே மூணு வாரத்துல லோடு ஏறிடும்மா!"

"அது கெட்டா திரும்ப உருக்கலாம். இத உருக்க முடியாது சார்."

தொழிலறிவு இல்லாத பேச்சு என்று துளசிராமன் முடிவு செய்தார்.

புதுவாயலில் செல்போன் கடை மாடியில் 'லேசர் சென்டர்' இருந்தது. மூன்று நாள் பயிற்சியும் ஒரு வெள்ளைக் கோட்டும் பெற்ற தேசப்பன் அதன் 'நிபுணர்'.

"பத்து நாள்ல முடியுமா?"

"பவரைத் தூக்கி வெச்சா முடியும் சார்."

கல்பனா மெதுவாகச் சொன்னாள்: "நைனா, காதுக்குப் பின்னால மொதல்ல பாக்கணும்னாங்களே."

"காதுக்குப் பின்னால யாரு பொண்ணு பாக்கப்போறாங்க?"

சோதனைத் துண்டு வார்த்துப் பார்க்காமல் ஒரு கிலோ இரும்பைக்கூட அவர் வெளியே விட்டதில்லை. ஆனால் இரும்புக்கு முகூர்த்தம் கிடையாதே.

இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. உச்சி வெயிலில், லாரிப் புகைக்கு நடுவே, மகளை வண்டியில் வைத்து வெற்றியோடு வீடு திரும்பினார். கன்னம் கொப்பளித்தது, பொருக்கு உதிர்ந்தது, பத்தாம் நாள் இரண்டு பக்கமும் கரிப்பட்டை படர்ந்திருந்தது. குழிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. 'நிறத்தில் சிறு வேறுபாடு. ஏற்கத்தக்கது' என்றார் துளசிராமன்.

மாப்பிள்ளையின் அம்மா லட்சுமியம்மாள் காபியைக் கையில் வாங்கவே இல்லை.

"போட்டோல பருக்குழியப் பாத்துட்டுத்தானேம்மா புடிச்சிருக்குன்னு சொல்லி அனுப்புனோம்? எம் புள்ளைக்கும்தான் இருக்குது. இது இன்னா, சூடு போட்டாப்புல? யாரு பண்ணது?"

"மெஷின்ல ஒரு சின்ன..." என்று துளசிராமன் விளக்கம் தொடங்கினார்.

கல்பனா தட்டைக் கீழே வைத்தாள்.

"மெஷின் மேல பழி போடாத நைனா. நீங்க யாருமே வேணாம்னு சொல்லல அத்தை. இந்த மூஞ்சிய இதுவரைக்கும் ரிஜெக்ட் பண்ணது இவரு ஒருத்தர்தான்."