வேனில் போனது யார்?

வேனின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த கடைப் பெயரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார் கேக் மாஸ்டர். அரை மணி நேரத்தில் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்துவிடுவார்.

காலையில் மூன்றடுக்குக் கல்யாணக் கேக்கை ஏற்றிப் போனபோது வேன் விளக்குக் கம்பத்தில் முட்டி முகப்பு நொறுங்கிவிட்டது. வேன் ஓடாவிட்டால் கடை ஓடாது. மனைவி இன்சூரன்ஸுக்குப் போன் போட்டுவிட்டுக் கல்யாண வீட்டில் மன்னிப்புக் கேட்க ஓடியிருந்தாள்.

"சொந்த உபயோகம்னு பாலிசி எடுத்துட்டு வியாபாரத்துக்கு ஓட்டினீங்களா? ஒரு காசு தேறாது!" என்று பக்கத்துக் கடைத் தையல்காரர் பயமுறுத்திவிட்டுப் போயிருந்தார். அந்தப் பாலிசி கடை தொடங்கும் முன்பே எடுத்தது. அப்புறம் காகிதமெல்லாம் மனைவி பாடு.

ஸ்டிக்கர் உரிந்தது. ஆனால் வெயிலில் வெளுத்த வேனில் எழுத்து இருந்த இடம் மட்டும் பளிச்சென்று முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. வீட்டிலிருந்து போர்வை ஒன்றைக் கொண்டுவந்து தொங்கவிட்டார். போர்வையைத் தேடிக்கொண்டு மாமியாரும் வந்தார்.

"அத்தை, காலையில நாம குடும்பத்தோட வெளிய போனோம். சரியா?"

"நான் கிளம்பவே இல்லையே மாப்பிள்ளை!"

"இப்பக் கிளம்பிட்டீங்க."

சர்வேயர் வந்து பின்கதவைத் திறந்தார். கூரை வரை க்ரீம்.

"என்னங்க இது?"

"அத்தைக்குப் பிறந்தநாள் சார்."

"இவ்வளவு பெரிய கேக்கா?"

"பெரிய குடும்பம் சார். வண்டியில மட்டும் பதினோரு பேர்."

"பின்னால சீட்டே இல்லையே?"

"ஒருத்தர் மடியில ஒருத்தர் சார்."

"நான் முன்னாடிதான் உக்காந்தேன்," என்று மாமியார் தன் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டார்.

சர்வேயர் எல்லாவற்றையும் எழுதினார். "விக்கிற சாமான் எதுவும் ஏத்தலையே?"

"சத்தியமா இல்ல சார். எல்லாம் மனுஷங்கதான்."

காகிதத்தை நீட்டினார் சர்வேயர். மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். கடை பிழைத்த நிம்மதியில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அப்போதுதான் மனைவி மூச்சிரைக்க வந்து, கைப்பையிலிருந்து பாலிசியை எடுத்துப் பெருமையாக நீட்டினாள்.

"கவலைப்படாதீங்க, போன மாசமே நான் இதைச் சரக்கு வண்டின்னு மாத்திட்டேன், கேக் எவ்வளவு வேணா ஏத்தலாம், ஆளுங்களைத்தான் ஏத்தக் கூடாது!"