பூச்சிகள் அத்தியாயத்தில் தலைவர்

கம்ப்யூட்டர் தெரியும் என்று ஒருவன் சொல்லிக்கொண்டால் ஊர் நம்பிவிடும். அதில் கெடுதல் இல்லை. அவனே நம்பிவிடும்போதுதான் விபரீதம் ஆரம்பிக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அப்படி நம்பிக்கொண்டிருந்தேன். சேலத்தில் ஒரு கோர்ஸ் முடித்துவிட்டு (பாதி வகுப்பில் தூக்கம்) ஏற்காடு திரும்பியிருந்தேன். கொட்டச்சேட்டில் சாந்தியைப் பெண் கேட்டிருந்தோம். அவளுடைய அப்பா காப்பி விவசாயிகள் சங்கத் தலைவர். சங்கத்தின் காப்பி வளர்ப்புக் கையேட்டை என் தலையில் கட்டினார்.

"இதக் கம்ப்யூட்டர்ல பண்ணிக் குடுங்க தம்பி. பொறவு மத்த விசயம் பேசலாமுங்க."

கையேடு தயாரிக்கும் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு தலைப்புக்கு முன்னாலும் ஒரு குறி போட வேண்டும். ஒன்றாம் நிலை என்றால் அத்தியாயம். இரண்டாம் நிலை அதற்குள் அடங்கும், மூன்றாம் நிலை இரண்டாவதற்குள். இதைச் சொல்லிக்கொடுத்த அன்று நான் தூங்கியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: ஒன்று போட்டால் எழுத்து பூசணிக்காய் மாதிரி வரும், புதுப் பக்கமும் கேட்கும். இரண்டு லட்சணமாக இருக்கும். மூன்று போட்டால் இடம் மிச்சம்.

கடைசி நேரத்தில் தலைவரின் வாழ்க்கைக் குறிப்பு வந்து சேர்ந்தது. பூச்சிகள் அத்தியாயத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருந்ததால் அங்கே செருகினேன். மரியாதையாக இருக்கட்டும் என்று இரண்டு போட்டேன். அடுத்த தலைப்புக்கு மூன்று. பொருளடக்கத்தை சாஃப்ட்வேரே தயாரித்துக் கொடுத்தது. (அதைப் படித்துப் பார்ப்பது அதன் திறமையைச் சந்தேகிப்பதாகும் என்று விட்டுவிட்டேன்.)

வெளியீட்டு விழாவில் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தோம். எல்லோரும் முதல் பக்கத்தைப் புரட்டினார்கள். பொருளடக்கத்தின் நடுவில் இப்படி இருந்தது:

4. காப்பியைத் தாக்கும் பூச்சிகள்
4.1 தண்டுத் துளைப்பான்
4.2 காய்த் துளைப்பான்
4.3 எங்கள் தலைவர்
4.3.1 ஒழிக்கும் வழிகள்

செம்மநத்தத்து விவசாயி ஒருவர் எழுந்து, பணிவாகக் கேட்டார்: "ஏனுங்க தலைவரே, உங்களுக்கு மழைக்கு முன்னால மருந்தடிக்கோணுங்களா, பின்னாலீங்களா?"

சிரிப்பில் கூரை பறக்காத குறைதான். சாந்தி தாவணியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். எனக்கோ அழுகை முட்டியது. இனி அவள் எனக்கு இல்லை என்று அங்கேயே முடிவுகட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் தலைவர் கையில் புத்தகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த காப்பியைத் தொடவில்லை. அப்பாவிடம் பேனா வாங்கி, பொருளடக்கத்தில் பூச்சிகளுக்கு அடியில் என்னவோ எழுதி நீட்டினார். 4.4 என்று போட்டு, பக்கத்தில் என் பெயர்.

"நேத்துல இருந்து எம்புள்ள நொம்பச் சிரிச்சுக்கிட்டே கெடக்குதுங்க. இவரத் தவிர வேற யாரும் வேண்டாங்குது. பூச்சிகளோட நானு ஒருத்தனே எதுக்குங்க நிக்கோணும்? உங்க பையனும் வந்து சேரட்டுமுங்க" என்றார். அப்புறம்தான் காப்பியை எடுத்தார்.

இன்றைக்கும் கொட்டச்சேட்டில் நான் பஸ்ஸை விட்டு இறங்கினால், "நாலு புள்ளி நாலு வந்தாச்சு" என்றுதான் உள்ளே குரல் போகும். எங்கள் மகள் பிறந்தபோது மாமனார் ஆஸ்பத்திரிக்கு வந்து, குழந்தையைக் கையில் வாங்கி, உற்றுப் பார்த்துவிட்டு நர்ஸிடம் சொன்னார்:

"நாலு புள்ளி நாலு புள்ளி ஒண்ணுங்க."

நிலையைச் சரியாகப் போட எங்கள் குடும்பத்தில் அவருக்குத்தான் தெரிந்திருக்கிறது.