பந்து தானாக உருண்ட மைதானம்

படித்த படிப்பை வைத்து இருபது பேருடைய உழைப்பை மண்ணோடு மண்ணாக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்பேன். நான் செய்திருக்கிறேன். டிப்ளமோ சிவில், இரண்டாம் வகுப்பு.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். விருதுநகரில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு சிவகாசியில் ஓர் இன்ஜினியர் ஆபீசில் பிளான் வரைந்துகொண்டிருந்தேன். வரைந்ததெல்லாம் பட்டாசுக் கம்பெனி ஷெட்டுகள். ஒரு ஷெட்டுக்கும் அடுத்ததற்கும் இத்தனை அடி இடைவெளி, கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், வாசலில் மணல் வாளி. என் கட்டடக்கலை அவ்வளவுதான். ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் என்னை ‘இன்ஜினியர்’ என்று கூப்பிட்டார்கள். நானும் ஒருநாள்கூட மறுக்கவில்லை. (மறுத்தால் டீக்கடையில் பெஞ்சில் இடம் கிடைக்காது.)

என் அக்கா வீட்டுக்காரர் கருப்பசாமி அத்தான் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிறவர். ஆறு நாள் அலுமினியத் தூளில் வெள்ளி மனுஷனாகத் திரிவார். ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்தால்தான் உண்மையான நிறம் தெரியும். அன்றைக்கு அவர் வேறு ஆள். பந்து காலில் பட்டால் அதை வாங்க இன்னொருத்தன் பிறந்து வரணும் என்று ஊரில் சொல்வார்கள். அவர் ஆரம்பித்ததுதான் எங்கள் ஊர் வளர்பிறை கால்பந்துக் குழு. ஆட்டக்காரர்கள் எல்லாருமே பட்டாசு, தீப்பெட்டிக் கம்பெனி ஆட்கள்.

குழுவுக்கு மைதானம் கிடையாது. வற்றிய கண்மாய்க்குள் ஆடுவார்கள். மழை பெய்து கண்மாய் நிறைந்துவிட்டால் தை, மாசி வரைக்கும் பயிற்சி இல்லை. அத்தானுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. “இன்னும் ரெண்டு வருசம் காலு ஓடும் மாப்ளே. அதுக்குள்ள ஒரு தடவையாச்சும் மாவட்டப் போட்டியில நம்ம பேரு வரணும்” என்பார்.

பஞ்சாயத்துத் தலைவர் ஒருவழியாக மனமிறங்கினார். ஊருக்கு மேற்கே கருவேல மரம் அடர்ந்த ஒரு தரிசைக் காட்டி, “மட்டமாக்கி வைங்க. மாவட்டக் கால்பந்துச் சங்கத்து ஆளுக வந்து பாத்து சரின்னுட்டா, எடத்தை உங்களுக்கே எழுதித் தாரேன். இல்லன்னா வேற காரியத்துக்குப் போயிரும்” என்றார்.

அத்தான் அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். “மாப்ளே, நீதாம்லே பிளான் போடணும்.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். வாயில் அந்த வார்த்தை வரவில்லை. ஆபீசில் இருந்து மட்டம் பார்க்கும் கருவியை இரவல் வாங்கி, முக்காலியில் நிறுத்தி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அளவு எழுதிய நெட்டைக் குச்சியைப் பிடித்துக்கொண்டு அத்தான் முள்ளுக்குள் இடம் இடமாகப் போய் நின்றார். நான் எண்களைக் குறித்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் பிளான் தயார். முந்நூறு அடி நீளம், நூற்றைம்பது அடி அகலம், நீலக் கோடு, சிவப்புக் கோடு. (கைப் பழக்கத்தில் நான்கு மூலையிலும் மணல் வாளி போட்டிருந்தேன். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. இன்ஜினியர் போட்டால் காரணம் இருக்கும்.)

பிளான்படி கிழக்குப் பாதியை வெட்டி, மண்ணை மேற்குப் பாதியில் கொட்ட வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு இருபது பேர் வந்தார்கள். தீபாவளி சீசன் நேரம். ஞாயிறும் கம்பெனிக்குப் போனால் இரட்டைச் சம்பளம். அதை விட்டுவிட்டு வந்தவர்கள். அத்தான் கிழக்கே போய் நின்று பார்த்தார்.

“மாப்ளே, இங்கன பள்ளமாத்தான இருக்கு? இதையா வெட்டச் சொல்ற?”

“அத்தான், கண்ணு ஏமாத்தும். கருவி ஏமாத்தாது.”

இந்த ஒரு வரியை நினைத்தால் இன்றைக்கும் காதை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது. அத்தான் தலையை ஆட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்தார். படித்தவன் சொன்னால் தன் கண்ணைக்கூட நம்பாத மனுஷன்.

பத்து ஞாயிறு வெட்டினார்கள். அக்காவும் மற்றப் பெண்களும் சட்டியில் மண் சுமந்தார்கள். மேற்கே மேடு ஏறிக்கொண்டே போனது. கேட்டவர்களிடம், “உருளை ஓட்டினா எல்லாம் அமுங்கிரும்” என்றேன். டிராக்டர் வைத்து உருளையும் ஓட்டினார்கள். அமுங்கவில்லை.

சங்கத்தில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். தலைவர், ஆட்டக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். அத்தான் புதுப் பனியன் போட்டிருந்தார். வந்தவர்களில் கண்ணாடி போட்ட ஒருவர் பந்தை வாங்கி நடு மைதானத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்தார்.

பந்து கொஞ்சம் யோசித்தது. பிறகு கிழக்கே பார்த்து மெதுவாக உருண்டது. போகப் போக வேகம் எடுத்து, கோல் கம்பங்களுக்கு நடுவே நுழைந்து, பின்னால் இருந்த முள்ளில் போய் நின்றது. வளர்பிறை கால்பந்துக் குழு அந்த மைதானத்தில் பார்த்த ஒரே கோல் அதுதான். அடித்தவர் யாரும் இல்லை.

முதலில் ஒருத்தர் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் மட்டும் சிரிக்காமல், “யாருங்க பிளான் போட்டது?” என்றார்.

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. கருவி ஒரே உயரத்தில் நிற்கிறது. குச்சி பள்ளத்தில் இறங்க இறங்க, அதன் மேல்பக்கத்து எண்தான் கண்ணுக்குத் தெரியும். எண் கூடினால் பள்ளம், குறைந்தால் மேடு. முதல் வருடப் பாடம். நான் கூடினதை மேடு என்று எழுதியிருந்தேன். நான்கடிச் சரிவை எட்டடி ஆக்க இருபது பேர் பத்து ஞாயிறு உழைத்திருக்கிறார்கள்.

எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியது. சுருட்டிய பிளான் என் கக்கத்தில் இருந்தது.

“பிளான்ல தப்பு இல்ல சார்” என்று அத்தான் முன்னால் வந்தார். “அளக்கும்போது குச்சியத் தலைகீளாப் பிடிச்சது நான்தான். படிப்பில்லாத பய, எனக்கு என்ன தெரியும்?”

கூட்டம் இடிந்து விழுவது மாதிரி சிரித்தது. ‘தலைகீழ் கருப்பசாமி’ என்று யாரோ அங்கேயே பெயர் வைத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. தலைவர் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு அத்தான் மண்வெட்டியோடு கிழக்கு மூலையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய், “ஏன் அத்தான் அப்படிச் சொன்னீக? தப்பு என்னோடது” என்றேன்.

“தெரியும்லே. நீ முளிச்ச முளியிலயே தெரிஞ்சது. நாளைக்கு ஒனக்கு எவன் பிளான் குடுப்பான்? எனக்கு என்ன, மருந்து செலுத்த ஒரு பேரும் வேண்டாம்.” மேற்கு மேட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “திரும்ப மாத்தணும்னா எம்புட்டு நாளாகும் மாப்ளே?”

கணக்குப் போட்டுச் சொன்னேன். “இருபது ஞாயிறு அத்தான்.”

அவர் எழுந்து போய் மேற்கு மேட்டில் இரண்டு சட்டி மண் வெட்டிக் கொண்டுவந்து கிழக்குப் பள்ளத்தில் போட்டார். மூன்றாவது சட்டிக்குப் போகவில்லை.

அடுத்த வாரமே மழை பிடித்தது. கிழக்குக் கோல் கம்பம் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. எருமைகள் படுத்தன, மேல் கம்பத்தில் கொக்கு உட்கார்ந்தது. தையில் அந்த இடத்தைச் சரக்கு வைக்கும் கிட்டங்கி கட்டக் கொடுத்தார்கள். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக ஞாயிற்றுக்கிழமை வேலைக்கே போகத் தொடங்கினார்கள். அத்தானும் போனார். ஏழு நாளும் வெள்ளி மனுஷனாகவே இருந்தார். அதன் பிறகு அவர் பந்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை. எனக்கோ வேலை போகவில்லை. நாலு ஊருக்கு வீட்டுப் பிளான் போட்டேன். (இப்போது எண்களை மூன்று தடவை சரிபார்க்கிறேன். வாடிக்கையாளர்கள் பொறுப்பான மனுஷன் என்கிறார்கள்.)

போன வருடம் அத்தான் மகளுக்கு விருதுநகரில் நிச்சயதார்த்தம். பந்தியில் அவளே மாப்பிள்ளை வீட்டாருக்கு அந்தக் கதையைச் சொன்னாள். “எங்கப்பா குச்சியத் தலைகீளாப் பிடிச்சு ஒரு மைதானத்தையே கவுத்திட்டாரு!” இலை அதிரச் சிரித்தார்கள். அத்தான்தான் முதலில் சிரித்தார், எப்போதும்போல.

எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். “அத்தான் ஒழுங்காத்தான் பிடிச்சாரு. பாத்து எழுதினது நான். தப்பு என்னோடது. இத்தனை வருசமா வாயை மூடிட்டு இருந்தேன்” என்றேன்.

மாப்பிள்ளையின் அப்பா கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். “மச்சினன்னா இப்படில்லா இருக்கணும்! சபையில அத்தானை விட்டுக்குடுக்க மனசு வரல பாருங்க. பளியத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டாரு!”

எல்லாரும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். “இல்லைங்க, நெசமாவே…” என்றேன். சொல்லச் சொல்ல என் மதிப்பு கூடிக்கொண்டே போனது. அத்தான் இலையில் இருந்து தலையைத் தூக்கினார்.

“உக்காரு மாப்ளே” என்றார். “சோறு ஆறுது.”

இப்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்லும்போது கடைசியில் இதையும் சேர்த்தே சொல்கிறார்கள். அப்பா மைதானத்தைக் கவிழ்த்தாராம், மாமா எவ்வளவு நல்லவர் தெரியுமா, அப்பாவுக்காகப் பழியை ஏற்றுக்கொண்டாராம்.