கெப்டனின் கடைசிப் பறப்பு

கல்முனைக் கரையில் பிறந்தவர்களில் அதிக நாடுகளுக்குப் போய்வந்தவரும், அம்பாறையைத் தாண்டி ஓரடி வைக்காதவரும் ஒரே ஆள்தான். அவருக்குப் பெயர் கெப்டன். உம்மாவும் வாப்பாவும் வைத்த பெயர் என்னவென்று கிராமசேவகருக்கே சந்தேகம்.

சுனாமிக்கு முன் மீன் பிடித்தவர். அதற்குப் பிறகு கடற்கரைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. பஸாரில் அப்போது நான் ஒரு கம்பியூட்டர் கடை வைத்திருந்தேன். வெளிநாட்டு மச்சானோடு கதைக்க அங்கே வந்தவர், மூலையில் யாரோ விமானம் ஓட்டி விளையாடுவதைப் பார்த்தார். மச்சானை அதோடு மறந்துவிட்டார்.

அந்த விளையாட்டில் விமானியாக வேலையும் பார்க்கலாம். கம்பெனி ஒன்று ஒப்பந்தம் நீட்டும்: மாதம் இத்தனை பறப்பு, நேரம் தவறக் கூடாது, விலகுவதென்றால் முன்கூட்டியே அறிவித்து, கடைசி மாதப் பறப்புகளையும் முடித்துக் கொடுக்க வேண்டும். நான் தமிழில் சொல்லச் சொல்ல, கெப்டன் தொப்பியைச் சரிசெய்தபடி கேட்டார்.

"வெள்ளிக்கிழம ஜும்ஆக்கு லீவு தருவானுகளா, தம்பி?"

"அதப் பத்தி ஒண்டும் போடல்ல, காக்கா."

கொஞ்சம் யோசித்தார். பிறகு அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொல்லி, சம்மதப் பொத்தானைத் தன் கையாலேயே அமர்த்தினார்.

பறப்பை வேகமாக ஓட்டி முடிக்க வசதி இருந்தது. "ஆக்கள் பயந்துபோவாங்க" என்று அதைத் தொடவே மாட்டார். அரபிக் கடலுக்கு மேல் லுஹர் நேரம் வந்தால் எழுந்து, பிரயாணிகளுக்குரிய சலுகைப்படி தொழுகையைச் சுருக்கித் தொழுவார். இது காதில் விழுந்து, பள்ளிவாசல் மௌலவி கடைக்கே வந்துவிட்டார்.

"நீங்க இரிக்கிறது கல்முனை பஸார்ல. சுருக்க ஏலா."

"பிளேன் மஸ்கட்டத் தாண்டிட்டு, மௌலவி."

"பிளேன் தாண்டும். உங்கட கால் தாண்டல்லியே."

கரண்ட் போனால்தான் பெரும் பாடு. திரை கறுத்ததும், மரணச் செய்தி கேட்டவர்போல "இன்னாலில்லாஹி" என்று எழுந்து போவார். அன்றைக்குச் சோறு இறங்காது. பக்கத்துக் கடைக்காரர்கள் ஆரம்பத்தில் சிரித்தார்கள். போகப்போக அவர்களே ஓடிவந்து விமானத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று விசாரிக்கும் நிலைமை வந்துவிட்டது.

சிரிக்காத ஒரே ஆள் அவருடைய மனைவி றமீஸா. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் அங்கே போய் வாழ்வார். யுத்தம் முடிந்த வருடம், வருமானமில்லாத கெப்டனிடம் றமீஸா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். கட்டாருக்கு வேலைக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் அவர் தன் தாய் வீட்டுக்கே திரும்பிப் போகவேண்டும்.

ஏஜென்ட் ஒருவர் நல்ல வேலையாகவே கொண்டுவந்தார்: கட்டார் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுவது. உண்மையான விமானத்தைத் தொட்டுப் பார்க்கும் வேலை. கெப்டனின் முகம் மலர்ந்தது, பிறகு வாடியது. ஏற்கெனவே ஒரு கம்பெனிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாரே. மௌலவியிடம் தீர்ப்புக் கேட்கப் போனோம்.

"அவனுகள் தாற சம்பளத்துல மீன் வாங்க ஏலுமா?"

"ஏலா. அது திரையில மட்டுந்தான்" என்றேன் நான்.

"அப்ப அது ஒப்பந்தமே இல்ல."

"பிஸ்மி சொல்லி அமத்தினன், மௌலவி" என்றார் கெப்டன்.

மௌலவி வெகுநேரம் தாடியைத் தடவினார். "அப்ப முடிச்சிக் குடுத்துப்போட்டே போங்க" என்றார். அவர் வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு.

கெப்டன் விலகல் அறிவித்தார். மாதம் முழுவதும் ஒரு பறப்பும் தவறவில்லை. கடைசிப் பறப்பு மாலைதீவிலிருந்து கொழும்புக்கு. கட்டார் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு ஆட்களைக் கொழும்புக்கு ஏற்றிப்போகும் வேன் அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வருவதாக இருந்தது. பாதையில் சோதனைச் சாவடிகள் அதிகம் என்று ஏஜென்ட் முன்னதாகவே வந்து ஹோர்ன் அடித்தார். திரையிலோ கொழும்பில் மழை. இறங்க இடம் கொடுக்காமல் விமானத்தை வட்டமிடச் சொல்லிவிட்டார்கள்.

உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு றமீஸா கடைக்குள் வந்தார்.

"எழும்புங்க. வேன்காரன் நிக்க மாட்டானாம்."

"காக்கா, இது விளையாட்டு. அணைச்சுப்போட்டுப் போங்க" என்று நானும் கெஞ்சினேன்.

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சுனாமி அண்டு விடியக் காலத்தால கிழிஞ்ச வலை பொத்த வாறன் எண்டு சொல்லிப்போட்டு, நான் போகாமப் படுத்துட்டன். கூட்டாளிமாரு கரையில எனக்காகப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அவங்கட மையித்துக் கூடக் கிடைக்கல்ல. இனி ஒருத்தரையும் நடுவுல உடமாட்டன், தம்பி."

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து இது வந்ததில்லை. றமீஸாவும் அன்றுதான் கேட்டிருக்க வேண்டும். திரைக்குக் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"உள்ள எத்தின பேர் இரிக்காங்க?"

"நூத்தம்பது பேர். புள்ளைகளும் இரிக்கும்."

றமீஸா பையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே வேன் புறப்பட்டுப் போகும் சத்தம் கேட்டது. மூவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மழை விட்டபின் கெப்டன் விமானத்தைப் பூப்போல இறக்கி வைத்தார்.

"எல்லாரும் எறங்கிட்டாங்களா?" என்று கேட்டார் றமீஸா.

"ஓம்."

"அப்ப வாங்க, நம்மட ஊட்ட போவம்."

அப்படி ஒரு வேலை பிறகு வாய்க்கவே இல்லை. கல் சுமந்தும் மண் சுமந்தும் குடும்பத்தைப் பார்த்தார், மௌத்தாகிக் கண்மூடும்வரை. எப்பாடுபட்டாவது ஒரு தடவை நான் அவரை உண்மையான விமானத்தில் ஏற்றி, ஜன்னலோரமாக உட்கார வைத்திருக்கலாம். நல்ல மனிசன்.