கேட்டது ஓர் அறை

"ஏம்மா, நான் கேட்டது என் பொண்ணுக்கு ஒரு ரூம். நீங்க இறக்கிட்டுப் போனது ஆஸ்பத்திரி வார்டு!"

ரெடிமேட் அறை செய்து விற்கும் கம்பெனியின் பெண் போனின் மறுமுனையில் அசரவில்லை. "புது மாடலா இருக்கும் சார். இனிமே வீடெல்லாம் ஃபேக்டரியிலதான். போகப் போகப் பழகிடும்."

ஓய்வுபெற்ற மீட்டர் ரீடர் போனை வைத்தார். காலமெல்லாம் ஊரார் வீட்டுக் கதவைத் தட்டியவர். மனைவி போன பிறகு அவர் கதவைத் தட்டத்தான் நாதியில்லை. மகளும் வாரம் ஒருமுறை போனில் "சாப்பிட்டியாப்பா?" என்பதோடு சரி. ஓர் அறையைச் சேர்த்து ஒட்டினால் வந்து தங்குவாள் என்று ஆசை. அறை வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அவளிடம் மூச்சுவிடவில்லை. ஆளுயரக் கண்ணாடி வேறு கேட்டிருந்தார். சின்ன வயதில் அவளைக் கண்ணாடி முன்னாலிருந்து கிளப்புவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

லாரியில் முழுசாக வந்து கிரேனில் இறங்கிய அறையிலோ சுவரெல்லாம் கைப்பிடிக் கம்பி. வாசலில் படியே இல்லை. கேட்டது ஓர் அறை, கிடைத்தது கன்னத்தில் ஓர் அறை.

பிளம்பரை அழைத்தார்.

"கம்பியைக் கழட்டுப்பா. என் பொண்ணு பார்த்தா பயந்துடுவா."

"சுவரு அட்டை மாதிரி இருக்கு சார். கூடவே வந்துடும்."

"வந்தா வரட்டும்."

வந்தது. ஓட்டை வழியே பக்கத்து வீட்டு நாய் எட்டிப் பார்த்தது. ஓட்டையை மறைக்க பீரோவை நகர்த்தினார்கள். அது குழாயை உடைத்தது. தண்ணீர் கூடத்துக்குள் வராமலிருக்க வாசலில் சிமெண்ட்டில் ஒரு படி கட்டினார்கள். அந்தப் படி அவரையே தடுக்கிவிட்டது. பிடித்துக்கொள்ளக் கை நீட்டிய இடத்தில் கம்பி இல்லை.

சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். காலில் கட்டோடு, ஈர அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். இந்த லட்சணத்தில் மகளை எப்படிக் கூப்பிடுவது என்று நினைத்ததும் அழுகை வந்தது.

வாசலில் அதே லாரி வந்து நின்றது.

"ரூம் மாறிடுச்சு சார்," என்றபடி டிரைவர் உள்ளே வந்தார்.

"அப்பாடா! எந்தக் கிழவனுக்குய்யா இந்த ரூம்?"

டிரைவர் ஓட்டையைப் பார்த்தார், படியைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "நீங்க 'மகளுக்கு'ன்னு ஒரு ரூம் கேட்டீங்க. உங்க பொண்ணு அவங்க வீட்டோட சேர்க்க 'அப்பாவுக்கு'ன்னு ஒண்ணு கேட்டாங்க. நாங்க அப்பா ரூமை அப்பா வீட்டுலயும், மக ரூமை மக வீட்டுலயும் இறக்கிட்டோம்."

"என்... என் பொண்ணா?"

"ஆமா சார். அவங்களும் 'எங்கப்பாவுக்கு எதுக்கு ஆளுயரக் கண்ணாடி'ன்னு பேத்துப் போட்டுட்டு, இப்ப சுவத்துல ஓட்டையோட உக்காந்திருக்காங்க."