பத்தாவது விண்ணப்பம்

மனிதகுலத்தின் குழப்பத்தைத் தீர்க்கிறேன் என்று எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். ஆனால் அந்தக் குழப்பத்தையே இரண்டாண்டுப் பாடத்திட்டமாக்கி, நான்கு பருவத் தேர்வும் வைத்த பெருமை எங்கள் 'பல்துறை மேற்படிப்புத் துறை'யையே சேரும். சேர்க்கைக் குழுவின் செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இந்த ஆண்டு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பத்து மாணவர்களாவது சேராத துறை 'மறுசீரமைக்கப்படும்'. அதாவது, இழுத்து மூடப்படும். நாங்கள் வீட்டுக்குப் போகலாம். கடைசி நாள் நாலரை மணிக்கு எங்கள் கையில் ஒன்பது விண்ணப்பங்கள் இருந்தன. ஒன்பது குறிக்கோள் கடிதங்களும் 'சிறு வயது முதலே இத்துறையின் மீது தணியாத தாகம் எனக்கு' என்றே தொடங்கின. மாதிரிக் கடிதத்தை எழுதிக் கீழே ஜெராக்ஸ் கடையில் கொடுத்து வைத்திருந்தவன் நான்தான். துறையின் பெயருக்காக விட்டிருந்த வெற்றிடத்தை ஏழு பேர் நிரப்பவே இல்லை. தாகம் அவ்வளவு!

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். அப்பாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் தனியாக உள்ளே வந்தாள். அவள் கடிதத்தில் இரண்டே வரிகள்: 'என்ன வேலைக்குப் போவதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மேலே படித்தால் தெரியுமா?'

துறைத்தலைவர் அதை இரண்டு முறை படித்தார்.

"இப்ப என்னம்மா பண்றே?"

"மூக்குக்கண்ணாடிக் கடையில மூணு மாசமா தற்காலிக வேலை சார். நிரந்தரம் பண்றேன்னு முதலாளி சொல்றாரு. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவாரு."

"வேலை பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு சார். ஆனா காலம் பூரா இதுதானான்னு தெரியல. அப்பா மேல படின்னு சொல்றாரு. சார், உங்க கண்ணாடி இடது பக்கம் இறங்கியிருக்கு. குடுங்க."

வாங்கினாள், காதுப்பக்கக் கம்பியை லேசாக வளைத்தாள், திருப்பிக் கொடுத்தாள். நான்கு ஆண்டுகளில் முதல்முறையாகத் துறைத்தலைவர் என்னை நேராகப் பார்த்தார்.

"பிரமாதம்! இவ்வளவு திறமைய வெச்சுக்கிட்டு வேலைக்குப் போறதாவது?"

"போன வருஷம் இங்க முடிச்சவங்க எல்லாம் இப்ப என்ன சார் பண்றாங்க?"

புள்ளிவிவரம் என் பொறுப்பு. பெருமையாகச் சொன்னேன்: "பதினோரு பேர். பதினோரு பேரும் மேல படிக்கிறாங்க."

"அவங்களுக்குத் தெளிவு வந்துடுச்சா சார்?"

"அதுக்காகத்தானேம்மா மேல படிக்கிறாங்க!"

"ஒரு வருஷம் வேலை பாத்துட்டு, படிப்பு வேணும்னு தோணுச்சுன்னா அப்புறம் வந்து சேரட்டுமா?"

துறைத்தலைவர் தொண்டையைச் செருமினார். "அந்தத் தப்ப மட்டும் பண்ணாதேம்மா. வேலைக்குப் போனா எது பிடிக்கும், எது பிடிக்காதுன்னு ஒரே வருஷத்துல தெரிஞ்சுபோயிடும். அப்புறம் இங்க வந்து என்னத்தக் கத்துக்கப் போறே?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க சார். உங்க பொண்ணா இருந்தா என்ன சொல்வீங்க?"

மணி நாலு நாற்பது. துறைத்தலைவர், நிமிர்த்திய கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பொண்ணா இருந்தா கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து சேத்திருப்பேன்மா" என்றேன்.

அவள் நம்பினாள். எனக்கு ஒரு நொடி வெட்கமாகக்கூட இருந்தது. தண்ணீர் குடித்தேன், சரியாகிவிட்டது. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கிருந்தே கடைக்குப் போன் செய்தாள். "இல்ல சார், நான் வரல... ஆமா சார், யோசிச்சுட்டேன். நீங்க வேற ஆளப் பாத்துக்கங்க." வெளியே அவள் அப்பா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அவ வாழ்க்கையக் காப்பாத்திட்டீங்க சார்" என்றார். துறை காப்பாற்றப்பட்டதை நான் அவரிடம் சொல்லவில்லை. விளம்பரம் எனக்குப் பிடிக்காது.

எனக்கும் ஒரு மகள் உண்டு. அவளும் பட்டம் வாங்கிவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல்தான் வீட்டில் இருக்கிறாள். அவளையே பத்தாவது ஆளாகச் சேர்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொந்த மகளுக்குச் சலுகை காட்டினான் என்று நாலு பேர் பேசிவிட்டால்? நேர்மை என்று ஒன்று இருக்கிறதே! அதனால்தான் அன்று ஐந்தேகாலுக்கெல்லாம் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்தக் கண்ணாடிக் கடை வாசலில் போய் நின்றேன்.